மாமா எடுத்துக் கொடுத்த நாய்க்காது காலர்

சட்டைக் கடைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்டால்தானே. சின்னவனுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு அவனும் அவன் கூட்டாளிகளும் பழைய காலத்துச் சட்டை போடப்போகிறார்களாம். திருநகரிலிருந்து டவுனுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். கடைப் பையன் ஒவ்வொன்றாக விரித்தான். வட்டக் காலர், சைனா காலர், முனையில் பட்டன் வைத்த காலர், இரண்டு பக்கமும் அகல விரிந்த காலர். கடைசியில் அடியிலிருந்து ஒன்றை உருவி, "இது விண்டேஜ் காலர்ம்மா, இப்ப இதுதான் ஓடுது" என்றான். மகன் அதை மாட்டி, கழுத்துப் பட்டனையும் பூட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். காலரின் முனை இரண்டும் நெஞ்சுக்குப் பாதி வரை இறங்கியிருந்தன.

"கழட்டு" என்றேன்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. கழட்டுறா!"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவனுக்கு நான் காரணம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரிகள். நாய்க்காது காலர் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக் காலர்களோடு நாம் பட்ட பாடு கொஞ்சமா? கழுத்து அழுக்கைத் தேய்த்துத் தேய்த்தே நம் அம்மாக்களின் உள்ளங்கை காய்த்துப்போனது. கஞ்சி கூடினால் கழுத்தை அறுக்கிறது என்று ஏச்சு, குறைந்தால் துவண்டு தொங்குகிறது என்று ஏச்சு. காலர் நைந்துபோனால் அதைப் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைத்து, இன்னொரு தீபாவளி வரை ஓட்டுவோம். என் அப்பாவின் காலர் சின்னது. அவர் இளவட்டமாக இருந்த காலத்து மோஸ்தர், அதை அவர் மாற்றவே இல்லை. கழுத்தை ஒட்டி நிற்கும், மேல் பட்டன் எப்போதும் பூட்டியிருக்கும். வேர்வை படாமல் பின்னால் கைக்குட்டையை மடித்துச் செருகியிருப்பார். அவனியாபுரத்தில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்தார். நாளெல்லாம் இரும்பு கடைந்தாலும் அந்தக் காலரில் பிசுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் அம்மா தொலைந்தாள்.

எங்கள் வீட்டில் அடிக்கு நேரங்காலம் கிடையாது. அப்பா அம்மாவை அடிப்பார். அம்மா என்னை அடிப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடிப்பார். நான் என் பங்குக்குத் தெருநாயைக் கல்லால் அடிப்பேன். தெரு முழுக்க இப்படித்தான் இருந்தது, அதனால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. "அப்பல்லாம் ஒரு அடியில வீடு அடங்கும்" என்று இன்றைக்கும் நம்மில் சிலபேர் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடங்கியது வீடு இல்லை.

நான் வயதுக்கு வந்த வருஷத்துக் கோடை அது. அதற்குக் கொஞ்சம் முன்னால், பங்குனி வெயிலில், ஒரு மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. உசிலம்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு வெங்காயம் போடுகிறவர். ஆனால் ஆளைப் பார்த்தால் சம்சாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காது மடல் தாண்டிய கிருதா, தரையைக் கூட்டுகிற பெல்பாட்டம், நெஞ்சு வரை நாய்க்காது காலர். அவர்கள் ஊரில் அந்தக் காலரை முதலில் போட்டது தான்தான் என்று அவருக்கு ரொம்பப் பெருமை.

அன்றைக்கு அப்பாவின் காலரில் இஸ்திரிப் பெட்டியின் கரி ஒட்டியிருந்தது. சின்னப் பொட்டு அளவுதான். அப்பா பட்டறையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய லேத் பெல்ட்டை எடுத்து அம்மாவை விளாசிக்கொண்டிருந்தார். பெல்ட்டின் இரண்டு முனையையும் இணைக்கிற கம்பி அம்மாவின் காதில் மாட்டிக் கிழித்துவிட்டது. தோடு கிழிந்த சதையில் தொங்கியது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி ரவிக்கை நனைந்தது. நான் அடுப்படி மூலையில் ஒடுங்கிக்கொண்டு, அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமா வெங்காய மூட்டையோடு உள்ளே நுழைந்தார்.

மூட்டையைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் அப்பாவின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, சுவரோடு சேர்த்து அழுத்தினார். மேல் பட்டன் தெறித்து விழுந்தது. அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பிடித்த பிடியில் அப்படியே நின்றார். அப்பாவின் முகம் கருத்துப்போனது. வாசலில் தெரு கூடிவிட்டது.

அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "விட்ருடா தம்பி, தெரு பாக்குதுடா" என்றாள்.

மாமா விட்டார். அப்பா ஒரு தடவை கீழே குனிந்து பட்டனைத் தேடினார். பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எஞ் சட்டையப் பிடிச்சுட்டான். பாத்துக்கங்கய்யா. மச்சினன் எஞ் சட்டையில கை வச்சுட்டான்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓங்கி ஒரு அறை விட்டால்கூடப் பேசிச் சமாதானம் ஆகிவிடலாம். சட்டையைப் பிடித்தால் போச்சு. அதிலும் அக்காளைக் கட்டிய மச்சானின் சட்டையை மச்சினன் பிடிப்பதென்றால், அது பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. அதற்குப் பிறகு வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் அந்தக் காலரைப் பற்றித்தான் பேச்சு. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அதைப் பற்றிப் பேச மட்டும் வாரத்துக்கு நாலு தரம் வந்தார். அம்மாவின் காதில் தையல் போட்டிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த நேரம் பார்த்தா நான் பெரிய மனுஷியாக வேண்டும்? தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டி என்னை உட்கார வைக்க வேண்டும். மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் எனக்குக் குச்சு இல்லை. பட்டறைக்குப் பின்னால் தகரத்தடுப்பில், கடைசல் இரும்புச் சுருள்களைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். எண்ணெயும் இரும்பும் சூடாகிற வாசனை. தகரம் காய்ந்து நடுப்பகலில் படபடவென்று சத்தம் போடும். அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்:

"சடங்கு முடியட்டும். உங்க மாமா சீர் கொண்டு வார லாரியிலயே நம்ம ரெண்டு பேரும் ஏறிருவோம். அப்புறம் இந்த வீட்டுக்கு வரக் கூடாது. வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சடங்கை எனக்காகச் செய்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. எனக்கும் அம்மாவுக்கும் அது லாரி வருகிற நாள்.

தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது. அப்பாவோ மசியவில்லை. கடைசியில் பெரியப்பா இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களை உட்கார வைத்து ஒரு தீர்ப்பு சொன்னார். எங்கள் பக்கத்தில் முன்பும் இப்படிச் செய்திருக்கிறார்களாம். "மச்சானுக்கு ஒரு புதுச் சட்டை எடுக்கட்டும். சபையில வச்சு, பிடிச்ச கையாலயே போட்டுவிட்டு, பட்டனயும் பூட்டிவிடட்டும். அதோட போச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல தீர்ப்பு, யாருக்கும் குறைவில்லாத தீர்ப்பு என்று மெச்சிக்கொண்டார்கள். காது கிழிந்தவளுக்கு என்ன என்று அந்தத் தீர்ப்பில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

சட்டை எடுத்த கதையைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. மாமா டவுன் கடையில் தெரிந்தவரிடம் சொல்லி, பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று மூன்று சட்டையைக் கையோடு வாங்கிவந்தார். வீட்டுக்குள் வர முடியாது. அதனால் பின் சந்து வழியாக வந்து தகரத்தடுப்பின் இடுக்கில் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே நானும் அம்மாவும். ஒன்று அப்பா போடுகிற மாதிரியே சின்னக் காலர், வெள்ளை. இன்னொன்று வட்டக் காலர், இளநீலம். மூன்றாவது டெரிகாட்டன், சந்தன நிறம், நாய்க்காது காலர். உள்ளே கெட்டியான கான்வாஸ் வைத்துத் தைத்து, முனை கத்தி மாதிரி நின்றது. மாமா அதைத்தான் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைய எடுறா. அவருக்கு அந்தக் காலருதான்" என்றாள் அம்மா.

"அக்கா, சபையில வச்சுப் போடுறது. பழைய மாடலக் குடுத்தா, ஏனோதானோன்னு எடுத்துட்டான்னு என்னயத்தான சொல்லுவாக? மச்சான் பேஷனா இருக்கட்டும்க்கா. இந்தக் காலருக்கு இருக்கிற மருவாதி எதுக்கும் கெடையாது."

"உனக்குப் பிடிக்குதுங்கிறதுக்காக எல்லாருக்கும் பிடிக்குமாடா?"

"போட்டுப் பாத்தா அவருக்கே பிடிச்சுரும். கழுத்து அளவு மட்டும் சொல்லு."

அம்மா இடுக்குக்கு நெருங்கி வந்தாள். பிறகு சொன்னாள்: "அவரு கழுத்து அளவு எனக்கு எப்படிடா தெரியும்? எங் கழுத்து அளவுதான் அவருக்குத் தெரியும்."

இடுக்கில் மாமாவின் முகத்தில் பாதிதான் தெரிந்தது. சந்தன நிறச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாரேன்க்கா" என்று போய்விட்டார். அம்மா சொன்ன அந்தப் பேச்சுக்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்காளின் வாழ்க்கையைச் சரிசெய்ய நல்ல சட்டையாக எடுக்க வேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் மனசு அப்படி.

சடங்கன்று காலையில் பந்தல் போட்டு, ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. மாமாவின் சீர் லாரியில் வந்து இறங்கியது. பித்தளைப் பாத்திரம், பழத்தட்டு, புடவைத் தட்டு, அவருடைய ஊர் ஆட்கள் ஒரு கூட்டம், முன்னால் மேளம். நான் பட்டுப் புடவையில் மனையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எங்கள் இரண்டு பேர் துணியையும் ஒரு மஞ்சள் பையில் கட்டி, லாரி டிரைவரின் சீட்டுக்கு அடியில் ஏற்கெனவே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த தெளிச்சியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அப்பாவைச் சபை நடுவில் நாற்காலியில் பனியனோடு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் சீர்த்தட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், அதை உடைக்க ஒரு சின்ன அரிவாள். மாமா எல்லாரையும் கும்பிட்டார். சட்டையை உதறி விரித்தார். அப்பா எழுந்து நின்று கையைக் கொடுத்தார். மாமா முதலில் வலது கை, பிறகு இடது கை மாட்டிவிட்டு, முன்னால் வந்து நின்று, கீழிருந்து பட்டன் பூட்டிக்கொண்டே மேலே போனார். மேளக்காரர்கூடக் கோலை இறக்கிவிட்டார். கடைசிப் பட்டன், கழுத்துப் பட்டன். மாமா காலரின் இரண்டு முனையையும் சரிசெய்து, நெஞ்சில் படிய வைத்தார்.

எங்கள் அத்தை வீட்டுக்காரர், அதாவது அப்பாவின் தங்கை புருஷன், முறைக்காரர். கேலி பேச உரிமை உள்ளவர். அவர் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: "அடேயப்பா, காலரு எம்புட்டு நீளம்! அடுத்த வாட்டி பிடிக்கிறதுக்குத் தோதா எடுத்துருக்கான்யா!"

சபை கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். கை இன்னும் அப்பாவின் கழுத்துப் பட்டனில்தான் இருந்தது.

அப்பா இடது கையால் மாமாவின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டூலில் இருந்த அரிவாள் அவருடைய மற்ற கைக்கு எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. கையை இறக்கி, நாற்காலியின் கைப்பிடியில் வைத்து வெட்டினார். ஒரே வெட்டு. கட்டை பிளக்கிற சத்தம்தான் கேட்டது. மாமா கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. நடுவிரல் தோலில் தொங்கியது. ரத்தம் பீய்ச்சி அப்பாவின் புதுக் காலரில், கன்னத்தில், தட்டில் இருந்த வெற்றிலையில் அடித்தது.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மாமா ஊர்க்காரர்கள் பந்தல் காலைப் பிடுங்கினார்கள். பந்தல் ஒரு பக்கம் சரிந்து பந்திக்கு வைத்திருந்த சாம்பார் அண்டா கவிழ்ந்தது. ஒருவர் குத்துவிளக்கின் தண்டால் பெரியப்பாவின் மண்டையைப் பிளந்தார். கேலி பேசிய அத்தை வீட்டுக்காரரை நாலு பேர் கீழே போட்டு மிதித்தார்கள். கூட்டம் ஏறி மிதித்ததில் என் மாலை அறுந்தது. வெற்றிலைத் தட்டில் ஒரு விரல் கிடந்தது. நகத்தில் மண் இருந்தது, வெங்காயக் காட்டு மண். அம்மா குனிந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமாவின் கையைத் துண்டால் சுற்றிக் கட்டி, என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். நாங்கள் லாரியில்தான் ஏறினோம், ஆனால் அது டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.

விரலை ஒட்ட வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். அவர் வருவதற்கு முன்னால், தலையில் கட்டோடு பெரியப்பா வந்து மாமாவின் காதில் ரொம்ப நேரம் பேசினார். "கேஸாச்சுன்னா அவன் உள்ள போயிருவான். உங்க அக்கா நடுத்தெருவுலதான் நிக்கணும். பொம்பளப் பிள்ளைய எவன் கட்டுவான்? யோசிச்சுக்க மாப்ள." எனக்குக் கேட்டது. அம்மா அப்போது மாமாவின் ரத்தச் சட்டையை மாற்ற வேறு சட்டை தேடி வெளியே போயிருந்தாள்.

மாமா போலீஸ்காரரிடம் சொன்னார்: "சடங்கு வீட்டுல தேங்கா உடைக்கிறப்ப கை தவறிருச்சு சார். யாரு மேலயும் தப்பு இல்ல."

போலீஸ்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன்னா நீதான்யா மனுசன்" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் அதையே சொன்னார்கள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அந்தக் கதையை அப்படித்தான் சொல்கிறார்கள்: அக்காளுக்காக விரலையும் கொடுத்து, கட்டியவனையும் காப்பாற்றிக் கொடுத்த தம்பி.

அம்மா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மாமா, "அக்கா, எல்லாம் சரியாப் போச்சு. மச்சான் மேல கேஸ் இல்ல. நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார். இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் அழுதார்.

அம்மா அழவில்லை.

"என்னயக் கேட்டியாடா?" என்றாள்.

"என்னக்கா?"

"அவரு வெட்டுனாரு, சரி. வெட்டுறவருதான். ஒருத்தன் உள்ள போவான், நான் எம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு உன் லாரியில வெளிய வருவேன்னு இருந்தேன். அந்த லாரியத் திருப்பி அவரு வீட்டுக்கே விட்டுட்டியேடா. என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

மாமா முழித்தார். பெரியப்பா, "என்னம்மா பேச்சு இது, தம்பி உனக்காக இம்புட்டுச் செஞ்சிருக்கான்" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மாமா அப்போதும் அவளை ஊருக்கு வா என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கேஸை முடித்துவைத்த கையோடு அக்காளை வீட்டை விட்டுக் கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குப் பயம். நல்ல மனிதர்களின் பயத்தைப் போல ஒரு பெண்ணைக் கட்டிப்போடுவது வேறு எதுவும் இல்லை என்று நான் நினைக்கிறேன். மாமாவின் மேல் எனக்கு இருந்த பிரியமும் கோபமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் இன்றைக்கும் இருக்கின்றன.

மறுநாள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தார். சந்தன நிறச் சட்டை குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தது. காலர் முழுக்க ரத்தம் காய்ந்து கருத்து, கான்வாஸோடு சேர்ந்து விறைத்துப்போயிருந்தது. "நல்லா ஊற வச்சுத் துவை. கறை தெரியக் கூடாது" என்றார் அப்பா.

அம்மா அதைத் துவைக்கவில்லை. வேப்பமரத்துக்கும் வாசல் தூணுக்கும் குறுக்கே புதிதாக ஒரு கயிற்றைக் கட்டினாள். சட்டையை உதறி, தோள்பட்டையில் இரண்டு கிளிப் மாட்டி, காலர் தெருவைப் பார்க்கத் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் வர வேண்டுமானாலும் போக வேண்டுமானாலும் அதன் கீழே குனிந்துதான் போக வேண்டும். அப்பா பார்த்தார். எடுத்துப் போட்டால் அது வெட்டிய ரத்தம் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அவர் எடுக்கவில்லை.

பெரியப்பாதான் ஓடிவந்தார். "என்னம்மா கோலம் இது? அவுத்துப் போடு. போற வாரவுக என்ன நெனைப்பாக?"

அம்மா முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "என்ன நெனைப்பாக? தேங்கா உடைக்கிறப்ப பட்ட ரத்தம்தான? நீங்கதான போலீசுக்குச் சொல்லச் சொன்னீக. நல்ல காரியத்துல பட்ட ரத்தம். தொங்கிட்டுப் போகட்டும்."

தெருவில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தலைக்கட்டைத் தடவிக்கொண்டே போனார்.

அப்புறம் அப்பா அம்மாவை அடித்தாரா என்று கேட்பீர்கள். ஆடிக் காற்றில் அந்தச் சட்டை இரண்டு கையையும் வீசி ஆடிக்கொண்டிருந்த ஒரு நாள், என்னவோ ஒரு காரணத்துக்குக் கையை ஓங்கினார். அம்மா விலகவில்லை, காதையும் பொத்திக்கொள்ளவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அடிங்க. ஆனா இந்தத் தடவ என்னத்த உடைச்சோம்னு சொல்லணும்? அத முதல்ல முடிவு பண்ணிட்டு அடிங்க."

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டைக்குக் கீழே குனிந்து, பட்டறைக்குப் போனார்.